பிள்ளைக்கு ஃபுட் அலர்ஜியா? ரிப்போர்ட்டைப் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் இப்போது இது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைக்கு உடம்பில் ரெண்டு நாள் தடிப்பு வந்தால் போதும், கோயம்புத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ போய் ரத்தம் கொடுத்து, உணவுப் பெயர்கள் பக்கம் பக்கமாக அச்சடித்த ஒரு ரிப்போர்ட்டோடு வந்து, அதில் சிவப்பாக இருப்பதையெல்லாம் நிறுத்திவிடுகிறார்கள். பால் கிடையாது, முட்டை கிடையாது, கோதுமை கிடையாது. கொஞ்ச நாளில் பிள்ளை இளைத்துப் போகும். தடிப்பு மட்டும் போயிருக்காது.

தவறு எங்கே என்றால், ஆரம்பித்த இடத்திலேயே. அலர்ஜியைக் காட்டிக்கொடுப்பது முதலில் நடந்த கதைதான், ரத்தம் அதற்கு அப்புறம். என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் என்ன வந்தது, எப்போது அடங்கியது, அதே சாமானை வேறு நாளில் சாப்பிட்டபோது என்ன ஆனது, இதெல்லாம் வேண்டும். "ஓணத்துக்குப் பால்பாயசம் ரெண்டு கரண்டி குடிச்சான் டாக்டர், பத்து நிமிஷத்துல உதடு வீங்கி, இருமி, வாந்தி எடுத்தான், ராத்திரிக்குள்ள சரியாயிருச்சு" என்று ஒரு அம்மா சொன்னால் பாதி வேலை முடிந்தது. பாயசத்தில் பாலும் உண்டு, முந்திரியும் உண்டு. பையன் தினமும் காலையில் ஒரு டம்ளர் பால் குடிக்கிறவன், ஒன்றும் ஆனதில்லை. அப்போது பாலைத் தள்ளிவிட்டு முந்திரியையும், அதன் நெருங்கிய சொந்தமான பிஸ்தாவையும் மட்டும் பரிசோதித்தால் போதும். இந்த வகை அலர்ஜி பெரும்பாலும் சில நிமிஷத்திலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் வரும். முந்தாநாள் தின்ற கேக்குக்கு இன்றைக்குத் தடித்தது என்றால் கேக்கை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள். தடிப்பு வந்ததும் போட்டோ எடுங்கள், பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கதையே இல்லாமல் ஐஜிஇ (அலர்ஜியைக் கிளப்பிவிடும் ஆன்டிபாடி) ரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016ல் வெளியான ஆய்வில், ஏதாவது ஒரு உணவுக்காவது பாசிட்டிவ் காட்டியவர்கள் 26.5 சதவீதம், அலர்ஜி இருக்கலாம் என்று சொல்லத்தக்கவர்கள் 1.2 சதவீதம்தான். பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்த உணவைக் குறித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். குழந்தை அதைத் தின்றுவிட்டுச் சும்மா விளையாடிக்கொண்டிருக்கிறது என்றால் அந்தச் சிவப்பு வரிக்கு மதிப்பில்லை.

ஐஜிஜி என்று வேறொரு ஆன்டிபாடியைப் பார்க்கும் இன்னொரு பேனல் விற்கிறார்கள், விலையும் கூடுதல். அது நாம் எதைச் சாப்பிட்டு வந்தோம் என்பதைக் காட்டுமே தவிர அலர்ஜியைக் காட்டாது. ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய அலர்ஜி மருத்துவ அமைப்புகள் இதை வைத்து அலர்ஜி முடிவு செய்யக் கூடாது என்று எப்போதோ சொல்லிவிட்டன. காசை மிச்சம் பிடியுங்கள்.

தோல் பரிசோதனைக்குப் போகிறவர்கள் செய்வது வேறு தவறு. முன்கையில் ஒரு சொட்டு வைத்து லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்துப் புடைப்பை அளப்பார்கள், 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கணக்கில் எடுப்பதில்லை. அரிக்கிறதே என்று முந்தின நாள் செட்ரிசின் மாதிரி அலர்ஜி மருந்து கொடுத்துவிட்டுக் கூட்டிப்போனால் புடைக்க வேண்டியதும் புடைக்காது. எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள், பொதுவாக ஒரு வாரம் போல ஆகும்.

அலர்ஜியே இல்லாததை அலர்ஜி என்பதும் நம்ம ஊரில் அதிகம். சேனையும் சேம்பும் தொண்டையில் அரிப்பது அதிலுள்ள ஊசி மாதிரியான ஆக்சலேட் படிகங்களால். கடற்கரையிலிருந்து இங்கே வரும் அயிலையோ மத்தியோ ஐஸ் சரியில்லாமல் வந்தால் அதில் ஹிஸ்டமின் (அலர்ஜியின்போது நம் உடம்பில் சுரக்கும் அதே ரசாயனம்) ஊறிவிடும், குழம்பு வைத்தாலும் போகாது, தின்றதும் முகம் சிவந்து உடம்பு தடிக்கும், பார்க்க அச்சு அசல் அலர்ஜிதான். கூட உட்கார்ந்து தின்ற மற்றவர்களுக்கும் வந்ததா, அடுத்த வாரம் நல்ல மீன் தின்றபோது வந்ததா என்று கேட்டால் தெரிந்துவிடும். அப்புறம் காய்ச்சல். குழந்தைகளுக்கு வரும் தடிப்பில் பெரும்பங்கு வைரஸ் காய்ச்சலோடு வருவதுதான், அந்த வாரம் தின்ற முட்டை அநியாயமாகப் பழி சுமக்கும்.

தோலில் கரப்பான் (எக்சிமா) வந்தால் பாட்டிமார் கத்திரிக்காய், கருவாட்டில் ஆரம்பித்துக் கடைசியில் முட்டையையும் நிறுத்திவிடுவார்கள். இதில் எனக்குக் கோபமே உண்டு. கரப்பானுக்குத் தோலைக் கவனிக்க வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்தினால், திரும்பக் கொடுக்கும்போது நிஜ அலர்ஜியே வரலாம். 2015ல் வந்த லீப் என்ற ஆய்வில், கடலை அலர்ஜி வரும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள்ளேயே நிலக்கடலை கலந்த உணவைக் கொடுத்துப் பழக்கியபோது கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைந்தது. கடலையை முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள், புரையேறும்.

பசும்பால் அலர்ஜி உறுதியான பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுப்பதும் வேண்டாத வேலை. புரதம் ஏறக்குறைய ஒன்றுதான், பத்தில் ஒன்பது பேருக்கு அதுவும் சேராது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை நீக்கிய பாலும் அப்படியே, புரதம் அதில் இருக்கத்தான் செய்யும். இன்னொன்று, ரிப்போர்ட் நெகட்டிவ் என்றால் ஒன்றுமில்லை என்றும் அர்த்தமில்லை: சாப்பிட்டு ரெண்டு மூன்று மணி நேரம் கழித்து விடாமல் வாந்தி எடுத்துத் துவண்டு விழும் கைக்குழந்தைகள் உண்டு, அந்த வகை அலர்ஜி ஐஜிஇ பரிசோதனையில் அகப்படாது.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள், கடைசித் தீர்ப்பு அதுதான். வீட்டில் நீங்களாகப் பரீட்சை பார்க்காதீர்கள். மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, பிள்ளை மயங்கினாலோ அவில் மாதிரி அலர்ஜி மாத்திரை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும், கிட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே ஓடுங்கள்.

அங்கன்வாடியில் பாலும் முட்டையும் கொடுக்கிறார்கள், அதனால் டீச்சரிடம் ரிப்போர்ட்டைக் காட்டாமல் டாக்டர் முடிவு செய்து எழுதிய சீட்டைக் காட்டுங்கள். அந்தச் சீட்டையும் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் கொண்டுபோய்ப் புதுப்பியுங்கள். பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும்.