நாற்றுக்கு வேண்டியது சூடான மண்: கிரீன்ஹவுஸைச் சூடாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் பிறந்துவிட்டால் ரொறன்ரோவில் நம் ஆட்கள் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். மிளகாய் போட்டாச்சா, கத்தரி முளைத்ததா, நல்ல பாகல் விதை யாரிடம் இருக்கிறது. இங்கே கடைசி உறைபனி போவதற்கு மே நடுப்பகுதி ஆகிவிடும், விக்டோரியா தின லீவுக்குப் பிறகுதான் கத்தரியையும் மிளகாயையும் நம்பி வெளியே நடலாம், ஆனால் அன்றைக்கு நடும் கன்று எட்டுப் பத்து வாரக் கன்றாக இருந்தால்தான் செப்டம்பர் குளிருக்குள் வயிறு நிறையக் காய்க்கும். அதனால்தான் பின்வளவில் 6க்கு 8 அடியில் ஒரு சின்ன கிரீன்ஹவுஸ் வாங்கி வைக்கிறோம். வாங்கிய முதல் வருடமே கரண்ட் பில்லைப் பார்த்துப் பயந்து, அடுத்த வருடம் அதைச் சாமான் போடும் அறையாக்கிவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அவ்வளவு செலவழிக்க வேண்டிய தேவையே இல்லை.

முதல் தவறும் பெரிய தவறும் கிரீன்ஹவுஸ் முழுவதையும் சூடாக்கப் பார்ப்பது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 6க்கு 8 அடி கிரீன்ஹவுஸின் சுவரும் கூரையும் சேர்த்தால் ஏறக்குறைய 21 சதுர மீட்டர். ஒற்றைப் பிளாஸ்டிக் உறை என்றால், உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சதுர மீட்டருக்கு 6 வாட் அளவில் சூடு வெளியே ஓடும். வெளியே 0 டிகிரி, உள்ளே 15 டிகிரி வேண்டும் என்றால் 21 பெருக்கல் 6 பெருக்கல் 15, கிட்டத்தட்ட 1,900 வாட். கடையில் வாங்கும் சாதாரண ஹீட்டர் 1,500 வாட்தான். அதாவது இரவு முழுக்க நிற்காமல் ஓடி 18 யூனிட் தின்ற பிறகும் நீங்கள் கேட்ட 15 டிகிரியை அது தராது. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் போட்டிருந்தால் 1,100 வாட் வரை இறங்கும், அப்போதும் பணம் ஆகாயத்தைச் சூடாக்கத்தான் போகிறது.

நாற்றுக்கு அவ்வளவு காற்று எதற்கு? அதற்கு வேண்டியது வேருக்கு அடியில் சூடு, தலைக்கு மேலே ஒரு போர்வை. நாற்றுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்சாரச் சூட்டுப் பாயைத்தான் ஹீட் மேட் என்கிறோம்; நான்கு தட்டு வைக்கக்கூடியது 100 வாட் அளவில்தான் எடுக்கும், ஒரு நாள் முழுக்க ஓடினாலும் இரண்டரை யூனிட்டைத் தாண்டாது. அந்த மேட்டுக்கு அடியில் ஒரு அங்குலத் தடிப்பில் ஸ்டைரோஃபோம் பலகை போடுங்கள், போடாவிட்டால் பாதிச் சூட்டைக் கீழே இருக்கும் குளிர்ந்த மேசையோ சிமெந்துத் தரையோ குடித்துவிடும். தட்டுகளுக்கு மேலே கம்பி வளைத்து ஒரு தெளிவான பிளாஸ்டிக் கூடாரம், இரவில் அதற்கும் மேலே உறைபனித் துணி. பெரிய வீட்டுக்குள் ஒரு சின்ன வீடு. ஏப்ரல் காலை ஏழு மணிக்குக் கிரீன்ஹவுஸ் கதவைத் திறந்தால் காற்று மூக்கில் குத்தும், உள்ளே வைத்த பூவாளியில் மெல்லிய ஐஸ் படிந்திருக்கும், ஆனால் அந்தச் சின்னக் கூடாரத்தின் ஓரத்தைத் தூக்கிக் கையை விட்டால் ஈரமண் வாசத்தோடு ஒரு வெதுவெதுப்பு கையில் படும். அது போதும் கன்றுக்கு.

ஆனால் ஹீட் மேட்டையும் தப்பாகப் பாவிக்கிறார்கள். மேட் என்பது சுற்றியுள்ள காற்றைவிட மண்ணை 5 முதல் 10 டிகிரி வரை உயர்த்தும், அவ்வளவுதான் அதன் சக்தி. காற்று 3 டிகிரியில் இருக்கும்போது மிளகாய் விதைக்கு வேண்டிய 25, 28 டிகிரியை அதனிடம் எதிர்பார்த்தால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும். மிளகாயும் கத்தரியும் முளைப்பது வீட்டுக்குள் நடக்கட்டும். நிலவறை 20 டிகிரியில் இருக்கிறது, ஏற்கெனவே நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய இடம், அங்கே மேட்டில் வைத்தால் மண் 27 டிகிரிக்கு வந்துவிடும், எட்டுப் பத்து நாளில் மிளகாய் தலை நீட்டும். உண்மையான இலை இரண்டு வந்த பிறகு, ஏப்ரல் நடுவில் கிரீன்ஹவுஸுக்குக் கொண்டுபோகலாம். முளைத்த கன்றுக்கு இரவில் 15 டிகிரி இருந்தால் நன்றாக வளரும், 10க்குக் கீழே தொடர்ந்து போகவிடாமல் பார்த்தால் சரி.

அடுத்த தவறு, முளைத்த பிறகும் மேட்டை 28 டிகிரியிலேயே விட்டுவிடுவது. வெளிச்சம் குறைவு, சூடு அதிகம் என்றால் கன்று நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்து சாயும். மண் எப்போதும் சூடாகவும் ஈரமாகவும் இருந்து காற்றோட்டமும் இல்லை என்றால் நாற்றழுகல் வரும். எனக்கு ஒரு வருடம் 40 மிளகாய்க் கன்று அப்படிப் போயிற்று. முதல் நாள் மாலை நிமிர்ந்து நின்றவை, மறுநாள் காலை மண்மட்டத்தில் தண்டு தண்ணீரில் ஊறிய நூல் போல இறுகி, இலை பச்சை மாறாமலேயே வரிசையாகப் படுத்துக் கிடந்தன. குளிர் என்று நினைத்து இன்னும் சூட்டைக் கூட்டினேன், மிச்சமும் போனது. சூட்டைப் பார்த்து மேட்டைத் தானே நிறுத்தி ஓடவிடும் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்குங்கள், அதன் முனையை மண்ணுக்குள் விதை ஆழத்தில் சொருகுங்கள், முளைத்ததும் 18க்கு இறக்குங்கள், ஒரு சின்ன ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள்.

பபிள் ராப் ஒட்டுவது நல்ல காரியம், ஆனால் கதவு இடுக்கையும் அடிச்சட்டத்து இடைவெளியையும் அப்படியே விட்டுவிட்டுச் சுவரெல்லாம் ஒட்டுகிறார்கள். முதலில் காற்று நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். வடக்குப் பக்கச் சுவரிலிருந்து வெளிச்சம் அதிகம் வருவதில்லை, அங்கே தடித்த ஃபோம் பலகையையே வைத்து மறைத்துவிடலாம்.

தண்ணீர்ப் போத்தல் விஷயத்துக்கு வருவோம். கறுப்புப் பெயின்ட் அடித்த போத்தல்களை அடுக்கினால் பகல் சூட்டைச் சேர்த்து இரவில் தரும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு தரும் என்று யாரும் சொல்வதில்லை. 200 லிட்டர் டிரம் ஒன்று 10 டிகிரி குளிர்ந்தால் 2.3 யூனிட் அளவு சூடு கிடைக்கும். இருபது போத்தலில் 40 லிட்டர் என்றால் அரை யூனிட்டுக்கும் குறைவு. அது கிரீன்ஹவுஸ் முழுவதற்கும் தூசு, சின்னக் கூடாரத்துக்குள் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் நல்ல உதவி. மூன்று நாள் மேகமூட்டம் என்றால் தண்ணீரே சூடாகாது என்பதையும் மறக்காதீர்கள்.

மெழுகுவர்த்தியை ஏற்றி அதன் மேல் மண்சட்டியைக் கவிழ்க்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன மெழுகுவர்த்தி தருவது 30, 40 வாட், சட்டி வைத்ததால் அது ஒரு வாட்கூட அதிகரிக்காது. நான்கு மணி நேரத்தில் அணைந்துவிடும், இரவில் மிகக் குளிரும் நேரம் விடியப்போகும் நேரம். பிளாஸ்டிக்கும் துணியும் நிறைந்த இடத்தில் ஆளில்லாமல் நெருப்பு வைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மண்ணெண்ணெய், புரொப்பேன் ஹீட்டர்களும் பார்க்க மலிவாகத்தான் தெரியும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலேயே தண்ணீர் ஆவியாக வரும், அது இரவு முழுக்கக் கன்றின் மேல் சொட்டும், நாற்றழுகலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். எரிதல் சரியில்லை என்றால் எத்திலீன் வாயு சேர்ந்து தக்காளி இலை கீழ்நோக்கி வளைந்துவிடும். காற்றுக்கு வழி வைக்காமல் மூடினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதிகாலையில் கதவைத் திறந்து உள்ளே போகும் உங்களுக்கே ஆபத்து. மின்சாரம் போன இரவுக்கு மட்டும் என்று ஒன்றை வைத்திருந்தாலும், மேலே வென்ட்டைக் கொஞ்சம் திறந்து, கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைத்துத்தான் கொளுத்த வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. 1,500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். கிறிஸ்மஸ் லைட்டுக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் அதைக் கொடுத்தால் பிளக் உருகும், கையால் தொட்டாலே தெரியும் சூடு. வெளியே பாவிக்கிற 14 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த வயர், ஈரத்தில் உடனே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக்பொயின்ட், இந்த இரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள். படுக்கையறை ஹீட்டரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் வைப்பதும் கூடாது.

அப்புறம் பகல். குளிரையே நினைத்துக்கொண்டிருந்து வெயிலில் கன்றைச் சாகவிடுகிறோம். வெளியே 5 டிகிரி இருந்தாலும் ஏப்ரல் வெயில் நேராக அடித்தால் மூடிய கிரீன்ஹவுஸுக்குள் மதியத்துக்குள் 35ஐத் தாண்டும், அதற்குள் இருக்கும் சின்னக் கூடாரத்தில் இன்னும் மோசம். வேலைக்குப் போகிறவர்கள் மெழுகு நிரப்பிய தானியங்கி வென்ட் திறப்பானைப் பூட்டுங்கள், சூட்டில் மெழுகு விரிந்து அதுவே கூரைக் கதவைத் தள்ளித் திறக்கும், கரண்டே வேண்டாம். ஹீட்டருக்குக் கொடுக்கும் காசை முதலில் இதற்குக் கொடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. வெப்பமானியையும் கண்மட்டத்தில் வெயில் படும்படி தொங்கவிடாமல், தட்டின் உயரத்தில் நிழலில் வையுங்கள். குறைந்ததும் கூடியதும் இரண்டையும் பதிந்து வைக்கும் வகை என்றால், நீங்கள் தூங்கிய நேரத்தில் என்ன நடந்தது என்று காலையில் அது சொல்லும்.

ஒன்ராறியோவில் 2023இல் வந்த மிகக்குறைந்த இரவுக் கட்டணத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் விலை மிக மலிவு. அதைக் கேட்டவுடன் மாறிவிடாதீர்கள், வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை பல மடங்கு விலை, சமைப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் அந்த நேரத்தில் நடக்கும் வீடென்றால் கிரீன்ஹவுஸில் மிச்சம் பிடித்தது அடுப்படியில் போய்விடும்.

இன்னொன்று, பெப்ரவரியிலேயே அவசரப்பட்டு எல்லாவற்றையும் போடாதீர்கள். பாகல், புடல், வெண்டி எல்லாம் வேகமாக வளர்கிறவை, ஏப்ரல் கடைசியில் போட்டாலே போதும். அந்த நேரத்தில் இரவும் அவ்வளவாகக் குளிராது, அவற்றுக்கு ஹீட் மேட்டை முளைக்கும் வரைக்கும் ஒரு வாரம் போட்டால் சரி.