விளக்கு எரியுது, முகத்தைக் காணோம்

சிங்கப்பூரில் ஞாயிறு ராத்திரி ஒன்பதரை, ஊரில் ஏழு மணி, வீடியோ காலுக்காக அம்மா சீரியலைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், என் பக்கம் மட்டும் கறுப்புத் திரை. "குரல் வருது, மூஞ்சியைக் காணோமேடா" என்றார். கேமராவின் யுஎஸ்பி வயரைப் பிடுங்கிச் செருகினேன், ம்ஹூம். நாளைக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்கொயர் போய்ப் புதுசு வாங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் கவனித்தேன், கேமராவின் ஓரத்தில் அரிசி அளவு பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அப்படியென்றால் கேமரா சாகவில்லை, வேறு எதுவோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது! விண்டோஸில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான் கேமரா கிடைக்கும். பார்த்தால், வெள்ளிக்கிழமை ஆபீஸ் மீட்டிங்குக்குத் திறந்த செயலியை நான் மூடவே இல்லை, பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஓடும் செயலிகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

"ஏன்டா இப்படி இளைச்சுட்டே?"