வீட்டுப் பறவைக் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு சப்போட்டா மரம், பின்னால் முருங்கையும் செம்பருத்தியும். இங்கே வரும் பறவைகளை ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நோட்டில் எழுதி வருகிறேன். முதல் வருஷம் புதிதாக வந்ததை மட்டுமே எழுதினேன். காகம், மைனா எல்லாம் ஒரே ஒரு தடவை. வருஷக் கடைசியில் மிஞ்சியது வெறும் பெயர்ப் பட்டியல். மாங்குயில் எந்த வாரம் கிளம்பிப் போனது என்று பார்க்க வழியே இல்லை. வலசைப் பறவைக்கு வந்த தேதி மட்டும் போதாது, கடைசியாகப் பார்த்த தேதியும் வேண்டும். அது தினமும் எழுதினால்தான் கிடைக்கும். இப்போது காலையில் 15 நிமிடம், கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் அத்தனையும் எழுதிவிடுகிறேன்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். ஏழு தவிட்டுக்குருவிகள் மூன்று முறை வந்து போனால் 21 என்று எழுதக் கூடாது. ஒரே நேரத்தில் அதிகமாகத் தெரிந்தது எத்தனையோ அதுதான் கணக்கு.

அப்புறம், ஒரே பறவையை இரண்டாக எழுதுவது. ஆண் குயில் கறுப்பு, பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. ஊதாத் தேன்சிட்டு இன்னும் ஏமாற்றும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆணின் பளபளப்பு போய்விடும். செம்பருத்தியில் தொங்கும்போது அடியிலிருந்து பார்த்தேன்: மஞ்சள் வயிறு, தொண்டையிலிருந்து நெஞ்சு வரை மை இழுத்த மாதிரி ஒரு கருங்கோடு. எவ்வளவு அழகு! வேறு இனம் என்றே நினைத்திருந்தேன். ஒன்றுபோலவே தெரியும் சின்னக் கதிர்க்குருவிகளில் சந்தேகம் என்றால் 'கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை' என்று எழுதலாம், தப்பே இல்லை.

வீட்டுக்கு மேலே மூக்கனேரி ஏரிப் பக்கம் பறக்கும் கொக்கைச் சேர்ப்பதா? சரி, சேருங்கள். ஆனால் அந்த விதியை நடுவில் மாற்றாதீர்கள். ஏற்காட்டில் பார்த்ததை இதில் கலக்கவும் வேண்டாம். அந்த மலையின் வரவு வேறு.

கூட்டருகே போய்ப் படம் எடுக்காதீர்கள். தாய்ப் பறவை விலகினால் காகம் வந்துவிடும்.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் 15 நிமிடம் பார்த்ததையும் பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றலாம். எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்று அது கேட்கும். காகத்தை விட்டுவிட்டு 'ஆம்' என்று சொல்லாதீர்கள்.