உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லரைப் பிக்கப்பில் இழுக்கப் போகிறீர்களா? முதலில் கதவு ஓரத்து ஸ்டிக்கரைப் பாருங்கள்

அமெரிக்காவில் சிறிய பிக்கப் டிரக் வாங்கச் செல்பவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது, அது எத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்பதுதான். அந்த எண்ணை மட்டும் நம்பி டிரெய்லர் வாங்கிவிடாதீர்கள். இழுக்கும் திறன் மிச்சமிருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துவிடுவது இவ்வகை வண்டிகளில் வழக்கம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அது 1,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சாமான்களோடு 5,000 பவுண்டு வரும் டிரெய்லரில் 10 முதல் 15 விழுக்காடு ஹிட்ச் பந்தின் மேல், அதாவது பிக்கப்பின் பின்புறம் டிரெய்லரை மாட்டும் உருண்டையின் மேல், முன்பாரமாக இறங்க வேண்டும். 12 விழுக்காடு என்றால் 600 பவுண்டு; இதையும் பிக்கப்தான் சுமக்கிறது. ஹிட்ச் கருவிக்கு 80, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 550 சேர்த்தால், மிஞ்சுவது 170 பவுண்டுதான். ஒரு கேலன் தண்ணீரே 8.3 பவுண்டு. ஆகவே ஊகிக்காமல், நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

பாரத்தை அடுக்கும் முறை மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்குத் தெரிந்ததே. பின்பாரம் கூடினால் மாட்டுவண்டியில் நுகத்தடி மேலே தூக்கும்; டிரெய்லரிலோ அது பக்கவாட்டில் அலையத் தொடங்கும். கனமான பொருள்களை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள்.

இணைக்கும்போது பந்தின் அளவும், அதன்மேல் கவிந்து பூட்டும் டிரெய்லர் முனையான கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கப்ளரைப் பூட்டி ஊசியைச் செருகியபின், டிரெய்லரின் ஜாக்கியைச் சில சுற்று உயர்த்துங்கள். பிக்கப்பின் பின்புறமும் கூடவே எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது, கப்ளர் மட்டும் கழன்று எழுந்தால் பிடிக்கவில்லை. இந்த அரை நிமிடச் சோதனையை ஒருநாளும் தவிர்க்காதீர்கள். சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டினால், அது கழன்றாலும் தொட்டில்போல் தாங்கிக்கொள்ளும். டிரெய்லர் பிரிந்துபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் அவசர பிரேக் கம்பியைச் சங்கிலியில் அல்லாமல் வண்டியில் தனியாக மாட்டுங்கள். பிறகு விளக்குகளைப் பார்த்துவிட்டு, காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவியான பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம். மற்ற மாநிலங்களிலும் அதை ஒட்டியே செல்வது நல்லது. டிரெய்லர் அலைந்தால் கால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் மெல்ல அழுத்துங்கள். அலைச்சல் அடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பாரத்தை முன்னுக்கு நகர்த்தாமல் மீண்டும் கிளம்பாதீர்கள்.