கால்வாயில் ஒரு பிற்பகல்: சிறிய லூர்களால் மீன் பிடிக்கும் முறை

கால்வாய்க் கரைக்கு முதன்முறையாக லூருடன், அதாவது மீனை ஏமாற்றி ஈர்க்கும் செயற்கை இரையுடன், வருகிறவர் பெரும்பாலும் எதிர்க்கரையைக் குறிவைத்தே வீசுவார். ஆனால் அவர் நிற்கும் கரையின் ஓரத்திலேயே, ஒரு மீட்டர் தொலைவுகூட இல்லாத இடத்தில், கற்சுவரின் நிழலில் ஒதுங்கியிருந்த மீன்களை அவருடைய நடையின் அதிர்வே கலைத்து விரட்டியிருக்கும். சிறிய லூர்களோடு ஒரு பிற்பகலைக் கால்வாயில் செலவிட விரும்புகிறவர் முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டியது இதுதான்: மீன் பக்கத்தில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் கால்வாயின் அடித்தரையை ஒட்டியே இருக்கிறது. எந்த ராடு (தூண்டில் கோல்), எவ்வளவு ஈயம், எப்படி வீசுவது என்பதெல்லாம் இந்த ஒன்றைப் பொறுத்தே அமைகின்றன.

பல கால்வாய்களின் ஆழம் 1 முதல் 2 மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த ஆழத்துக்கு 6 முதல் 7 அடி நீளமும், 1 முதல் 8 கிராம் வரையிலான எடையை வீசும் திறனும் கொண்ட மெல்லிய ராடும், தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்க 1000 அல்லது 2000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீலும் போதும். தடித்த ராடைக் கொண்டு 2 கிராம் லூரை வீசவும் முடியாது. அது தரையைத் தொட்டதா, மீன் தொட்டதா என்று கையால் உணரவும் முடியாது.

நரம்பைப் பொறுத்தவரை சிக்கனம் பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன். தங்கூசி என்னும் நைலான் நரம்பு இழுத்தால் நீளும். அதனால் மீன் லூரை லேசாகத் தட்டுவது கைக்கு வந்து சேர்வதற்குள் மங்கிவிடும். பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு ஏறக்குறைய நீளாது. ஆகவே 5 முதல் 8 பவுண்டு தாங்குதிறனுள்ள பிரெய்டை ரீலில் சுற்றி, அதன் முனையில் 5 அல்லது 6 பவுண்டு ஃபுளூரோகார்பன் நரம்பை ஒரு மீட்டர் அளவுக்கு முடிந்துகொள்ளுங்கள். பிரெய்டு கல்லில் உரசினால் எளிதில் அறுந்துவிடும். ஃபுளூரோகார்பன் அந்த உரசலைத் தாங்கும், தண்ணீருக்குள் எளிதில் தெரியவும் தெரியாது. இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சே போதுமானது. இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலால் நனைக்க மறக்கக் கூடாது. பைக் போன்ற கூரிய பற்களுடைய மீன்கள் உலவும் கால்வாயாக இருந்தால், முனையில் ஒரு மெல்லிய கம்பித் துண்டைச் சேர்ப்பது கட்டாயம். இல்லாவிட்டால் மீன் நரம்பைக் கடித்துத் துண்டித்து, தூண்டில் முள்ளை வாயில் சுமந்துகொண்டே போய்விடும்.

லூர்களில் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லச் சொன்னால், 2 அல்லது 3 கிராம் ஜிக் ஹெட்டில் (தலைப்பகுதியில் ஈயம் வார்த்த தூண்டில் முள்ளில்) கோத்த 5 சென்டிமீட்டர் மென்பிளாஸ்டிக் மீனைத்தான் எடுத்துச் செல்வேன். அதைக் கோப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் ஜிக் ஹெட்டை லூரின் பக்கவாட்டில் வைத்து அளந்து, முள்ளின் வளைவு எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் லூரின் முதுகில் நகத்தால் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். பிறகு மூக்கின் நடுவில் முள்ளைச் செலுத்தி, உடலின் மையத்திலேயே நகர்த்தி, அந்த அடையாளத்தில் வெளியே எடுக்க வேண்டும். லூர் நேராக அமையாமல் ஒரு பக்கம் சுருங்கியிருந்தால், தண்ணீரில் பம்பரம்போல் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். அப்படிச் சுழலும் லூரை மீன் பெரும்பாலும் சீண்டாது. தண்ணீர் தெளிவாக இருந்தால் பழுப்பு, வெளிர்பச்சை போன்ற அடங்கிய நிறங்களும், படகுகள் கலக்கிய கலங்கல் நீரில் மஞ்சள், ஆரஞ்சு போன்ற எடுப்பான நிறங்களும் எனக்குப் பலன் தந்திருக்கின்றன. கலங்கலில் பார்வையைவிட அதிர்வே மீனுக்கு வழிகாட்டும் என்பதால், தகடு சுழலும் சிறிய ஸ்பின்னர் ஒன்றையும் பெட்டியில் வைத்திருப்பது நல்லது.

படகுப் போக்குவரத்துள்ள கால்வாயின் குறுக்குவெட்டை மனத்தில் வரைந்து பாருங்கள். இரு கரைகளிலும் ஆழம் குறைந்த ஒரு திட்டு இருக்கும். அது சரிந்து நடுவே படகுகள் செல்லும் ஆழமான பாதையில் முடியும். அந்தச் சரிவுதான் இரைதேடும் மீன்கள் உலாவும் வழி. உடலில் கரும்பட்டைகளும் முதுகில் முள்துடுப்பும் உடைய பெர்ச் இத்தகைய கால்வாய்களில் லூருக்கு அதிகம் சிக்கும் மீன்களில் ஒன்று. அது பெரும்பாலும் கூட்டமாக, ஏதேனும் ஒரு மறைவை ஒட்டியே நிற்கும். பாலத்தின் அடி, கட்டிவைத்த படகின் ஓரம், தண்ணீரின் மேல் சாய்ந்த மரக்கிளை, படகுகளை ஏற்றி இறக்கும் லாக் கதவுகளின் அருகாமை, நாணல் விளிம்பு ஆகியவை அத்தகைய மறைவுகள். பிற்பகல் வெயிலில் இவற்றின் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான கோட்டைத்தான் தேட வேண்டும். நிழலில் நிற்கும் மீன் வெளிச்சத்தில் வரும் சிறுமீனைத் தெளிவாகப் பார்க்கும், சிறுமீனுக்கோ அது எளிதில் தென்படாது. உங்கள் சொந்த நிழல் தண்ணீரில் விழாதபடி நின்றுகொள்வதும் அதே அளவுக்கு முக்கியம்.

வெப்பநாட்டுக் கால்வாய்களில் விராலைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விரால் காற்றைச் சுவாசிக்க அவ்வப்போது மேலே வரும், செடிகொடிகளுக்குள் பதுங்கும். முள் வெளியே தெரியாத தவளை லூரும் தடித்த நரம்பும் அதற்கு வேண்டும். இங்கே சொல்லும் மெல்லிய கருவிகள் அதற்குப் பொருந்தா.

ஓர் இடத்தை அடைந்ததும் கரையிலிருந்து இரண்டடி பின்னால் நின்று, முதல் வீச்சுகளைக் கரைக்கு இணையாக, உங்கள் பக்கத்து ஓரத்தை ஒட்டியே வீசுங்கள். பிறகு விசிறி விரிவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக நடுப்பகுதிக்கு நகருங்கள். எதிர்க்கரை கடைசியில் வரட்டும். லூர் தண்ணீரைத் தொட்டவுடன் ரீலில் நரம்பை விடவும் பிடிக்கவும் திறந்து மூடும் பெயில் வளையத்தைக் கையால் மூடி, நரம்பின் தளர்ச்சியை ஓரளவு எடுத்துவிட்டு, அது தரைக்கு இறங்கும்வரை மனத்துக்குள் எண்ணுங்கள். நான்கு எண்ணுவதற்குள் தரையைத் தொடும் இடத்தில் அடுத்த வீச்சில் இரண்டிலேயே நரம்பு நின்றுவிட்டால், லூர் தரையில் இல்லை, ஒரு மீனின் வாயில் இருக்கிறது.

லூர் வேட்டையில் மிகுதியானோர் கவனிக்கத் தவறுவது இந்த இறக்கத்தைத்தான். ரீலைச் சுற்றும்போதுதான் மீன் கடிக்கும் என்று எண்ணி, லூர் இறங்கும் நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் ராடு நுனியைக் கடிகார முள் பத்திலிருந்து பதினொன்றுக்கு நகர்வதுபோல் மெல்ல உயர்த்தி, லூரைத் தரையிலிருந்து ஒரு சாண் எழுப்பி, மறுபடியும் இறங்கவிடும் அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் பெரும்பாலான கடிகள் வருகின்றன. அப்போது ராடு நுனிக்கும் தண்ணீருக்கும் இடையே நரம்பு ஒரு மெல்லிய வளைவாகத் தொங்கும். அந்த வளைவிலேயே கண் இருக்க வேண்டும். அது சட்டென்று ஒரு விரல்கடை நிமிர்ந்தாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும், இறங்குவது முன்கூட்டியே நின்றாலும், மணிக்கட்டை மட்டும் உயர்த்தி முள்ளை ஊன்றுங்கள். ஓங்கி இழுக்க வேண்டாம்; நீளாத பிரெய்டில் அந்த வேகம் மீனின் மெல்லிய வாயைக் கிழித்துவிடும். ரீலின் டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) நரம்பின் தாங்குதிறனில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வழுகும்படி முன்கூட்டியே சரிசெய்திருக்க வேண்டும்.

லூர் கரையை நெருங்கும்போது அவசரமாகத் தூக்கிவிடாதீர்கள். பின்தொடர்ந்து வரும் மீன் கடைசி அரை மீட்டரில்தான் முடிவெடுக்கும். ஒரு நொடி நிறுத்தி, தரையில் விட்டு, மறுபடி எழுப்புங்கள். எதிரொளியைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி அணிந்திருந்தால், முதுகுத்துடுப்பை விரித்தபடி லூருக்குப் பின்னால் தயங்கி நிற்கும் பெர்ச்சை அந்த நேரத்தில் நேரிலேயே பார்க்கலாம்.

பத்து வீச்சில் எதுவும் தொடவில்லை என்றால் நடந்துவிடுங்கள். மாறாக, ஒரு பெர்ச் கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். அதன் கூட்டம் அருகில்தான் இருக்கும். லூர் தரையில் சிக்கினால், நரம்பைத் தளரவிட்டு ராடை மெதுவாகச் சுண்டிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் நரம்பை ஒரு குச்சியில் சுற்றி நேராக இழுங்கள். பிரெய்டைக் கையில் சுற்றினால் தோல் அறுந்துவிடும். சிக்கிலிருந்து மீண்ட பின் ஃபுளூரோகார்பனின் கடைசி ஒரு சாணை விரல்களுக்கிடையே உருவிப் பார்ப்பதை நான் ஒரு மாலையில் தவிர்த்தேன். அன்று கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலில், அந்த நாளின் மிகப் பெரிய மீன் முள்ளோடு அறுத்துக்கொண்டு போனது. அந்த மீனுக்கு நான் இழைத்த தீங்கு இன்றும் உறுத்துகிறது. சொரசொரப்புத் தட்டுப்பட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீண்டும் முடியுங்கள்.

மீனை எடுக்க, நீளமான பிடியும் ரப்பர் பூசிய வலையும் கொண்ட கைவலை வேண்டும். கையை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். பெர்ச்சின் முதுகு முட்களைத் தலையிலிருந்து வால் பக்கமாக நீவி மடக்கிப் பிடியுங்கள். செவுள் மூடியிலும் கூரிய முனை உண்டு. தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனையை முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருந்தால், இடுக்கியால் ஒரே திருப்பில் அது கழன்றுவிடும். வெயில் காலத்தில் சூடான நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவு என்பதால், படம் எடுப்பதற்காக மீனை வெளியே வைத்திருக்கக் கூடாது. விடும்போது எறியாமல், தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு நீந்தும்வரை காத்திருங்கள்.

மின்கம்பிகளுக்கு அடியில் ராடை உயர்த்தாதீர்கள், ராடில் உள்ள கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கரைப்பாதையில் நடப்பவர்களும் மிதிவண்டிகளும் வருவார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் திரும்பிப் பாருங்கள். அனுமதிச் சீட்டும், மீன்பிடி தடைக்காலமும் கால்வாய்க்குக் கால்வாய் வேறுபடும். அவற்றை முன்பே விசாரித்துவிட வேண்டும்.

வெயில் சாய்ந்த பிறகு கிளம்பிவிட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசி ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். நிழல்கள் கால்வாய் முழுவதும் பரவும்போது, பகலெல்லாம் மறைவில் நின்ற மீன்கள் ஓரத்துத் திட்டுக்கு ஏறி வரும். சிறுமீன்கள் கூட்டமாக நீருக்கு மேல் சிதறித் துள்ளினால், கீழே வேட்டை நடக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஜிக் ஹெட்டின் எடையை 1 கிராமாகக் குறைத்து, இறக்கத்தை இன்னும் மெதுவாக்கி, மதியம் பலனின்றிக் கடந்து வந்த முதல் பாலத்துக்கே திரும்பிப் போய் ஓரத்தை ஒட்டி வீசுங்கள்.