கியூஎமு-இமேஜுக்கு வந்த பேட்சை ரிவியூ செய்வது எப்படி

கியூஎமு-இமேஜ் (qemu-img) என்பது விஎம்மின் (மெய்நிகர் கணினியின்) டிஸ்காக இருக்கும் இமேஜ் ஃபைல்களைக் கையாளும் கருவி. இப்படி ஒரு டிஸ்க் இமேஜ் கருவிக்கு வரும் பேட்சை (நிரல் மாற்றத்தை) பார்க்கும்போது இரண்டு கேள்விகள் முக்கியம். இந்த இமேஜ் ஃபைலைக் கெட்ட எண்ணத்தோடு ஒருவர் தயாரித்திருந்தால் என்ன ஆகும்? இரண்டு ரைட்டுக்கு நடுவில் கரண்ட் போனால் டிஸ்கில் என்ன மிஞ்சும்? இந்த இரண்டையும் கேட்காவிட்டால் அது பாதி ரிவியூதான். இடைவெளி, வரி நீளம், ஸைன்ட்-ஆஃப்-பை (அனுப்புகிறவரின் ஒப்புதல் வரி) விட்டுப்போனது போன்றவற்றைச் செக்பேட்ச் ஸ்கிரிப்டே சொல்லிவிடும். அதில் உங்கள் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இங்கே கியூஎமு என்ற விஎம் மென்பொருளின் கியூகவ்2 (qcow2) இமேஜ் வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம். விஎம்டிகே, விஎச்டி என்று வேறு வடிவங்களுக்குப் போனாலும் கேள்விகள் இவையேதான்.

பில்டு

பேட்ச் தொடரை மாஸ்டர் கிளையின் மேல் கிட்-ஏஎம் (git am) கட்டளை மூலம் ஏற்றி, ஒவ்வொரு பேட்சாக நிறுத்தி பில்டு செய்யுங்கள். கடைசியில் மட்டும் பில்டு ஆகி நடுவில் உடைந்தால், பின்னால் பைசெக்ட் செய்கிறவர் (பக் எந்தக் கமிட்டில் வந்தது என்று தேடுகிறவர்) மாட்டிக்கொள்வார். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், வரையறையற்ற செயல்களைப் பிடிக்கும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசர் இரண்டையும் போட்டு ஒரு தனி பில்டு அடைவு வைத்திருங்கள். கெடுத்த இமேஜ்களை ரூட்டாக ஓட்டவே கூடாது. ஒரு விஎம்முக்குள் ஓட்டுவது நல்லது.

ஃபைலில் இருந்து வரும் எண் எதையும் நம்பாதீர்கள்

கியூகவ்2 இமேஜ் கிளஸ்டர் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். எல்1 டேபிள் எல்2 டேபிள்களைக் காட்டும், எல்2 டேபிள் கிளஸ்டர்களைக் காட்டும். ஹெட்டரில் (ஃபைலின் தொடக்கப் பகுதியில்) எல்லா எண்களும் பிக்-எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்). 20ஆம் பைட்டில் கிளஸ்டர் பிட்ஸ் (கிளஸ்டர் அளவு 2இன் எத்தனையாவது அடுக்கு என்பது), 24இல் டிஸ்கின் அளவு, 36இல் எல்1 டேபிளின் அளவு, 40இல் அது இருக்கும் இடம். பேட்ச் ஒரு புலத்தைப் படித்தால் மூன்றைத் தேடுங்கள்: எண்டியன் மாற்றம் நடந்ததா, வரம்புச் சோதனை இருக்கிறதா, அந்தச் சோதனை முதல் பயன்பாட்டுக்கு முன்னால் வருகிறதா. மூன்றாவதுதான் அடிக்கடி நழுவும். கிளஸ்டர் பிட்ஸ் 9 முதல் 21 வரைதான் (512 பைட் முதல் 2 எம்பி வரை) இருக்கலாம். அதைச் சரிபார்க்கும் வரிக்கு மேலேயே யாராவது அதை வைத்து ஷிஃப்ட் செய்திருந்தால், கீழே எத்தனை சோதனை இருந்தும் பயனில்லை.

பெருக்கலை இன்னும் கூர்ந்து பாருங்கள். எல்1 டேபிளின் ஒரு பதிவு 8 பைட். ஹெட்டரில் எல்1 அளவு 53,68,70,913 என்று ஒருவர் எழுதி வைத்தால், எட்டால் பெருக்கும்போது 2இன் 32ஆம் அடுக்கைத் தாண்டி 8 மிஞ்சும். விடையை 32-பிட் மாறியில் வைத்தால் அங்கே நிற்பது வெறும் 8. நினைவகத்தில் 8 பைட் ஒதுக்கிவிட்டு, லூப் மட்டும் ஐம்பது கோடிக்கு மேல் பதிவுகளைப் படிக்கக் கிளம்பும். அதனால்தான் கியூஎமு எல்1 டேபிளுக்கு 32 எம்பி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. புதிய டேபிள் எதையாவது பேட்ச் கொண்டுவந்தால், அதற்கும் அப்படியொரு வரம்பு கேளுங்கள்.

கையால் சோதிப்பதும் சுலபம். சின்ன இமேஜ் ஒன்றை உருவாக்கி, 36ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட்டையும் 255 ஆக்கி, கியூஎமு-ஐஓ (qemu-io) என்ற சோதனைக் கருவியில் திறந்து பாருங்கள். எல்1 டேபிள் மிகப் பெரியது என்று ஒரு வரி பிழைச்செய்தி வந்தால் சரி. வேறு எது வந்தாலும், செக்மென்டேஷன் ஃபால்ட்டோ நினைவகம் வீங்குவதோ, பேட்ச் திரும்பிப் போக வேண்டும். கியூஎமுவின் ஐஓடெஸ்ட்ஸ் சோதனைத் தொகுப்பின் 080ஆம் சோதனை இதே வேலையைத்தான் செய்கிறது. புதிய புலத்துக்கான சோதனையை அதை மாதிரியாக வைத்து எழுதச் சொல்லலாம்.

இமேஜுக்குள் இருந்து ஃபைல் பெயரை எடுக்கும் எந்த வரியையும் சும்மா விடாதீர்கள். 2024இல் வந்த சிவிஇ-2024-4467 என்ற பாதுகாப்புக் குறை கியூஎமு-இமேஜின் இன்ஃபோ கட்டளையைத்தான் தாக்கியது. தகவலைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை என்று நினைத்திருப்போம். ஆனால் இமேஜுக்குள் ஜேசன் வடிவில் பிளாக் சாதன விவரம் ஒன்றை எழுதிவைத்தால், ஹோஸ்டில் (விஎம்மை ஓட்டும் கணினியில்) வேறு ஃபைலைத் திறக்க வைக்கலாம், அல்லது நினைவகத்தையும் சிபியுவையும் தின்ன வைக்கலாம். வடிவத்தைத் தானாக ஊகிப்பதும் இதே குடும்பம்: ரா இமேஜின் (ஹெட்டர் இல்லாத வெறும் இமேஜின்) தொடக்கத்தில் கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) ஒரு கியூகவ் ஹெட்டரை எழுதிவிட்டால், அடுத்த முறை அது கியூகவ் ஆகத் திறக்கப்படும். பேட்சில் உள்ள கட்டளைகளும் சோதனைகளும் வடிவத்தை வெளிப்படையாகச் சொல்கின்றனவா, பேக்கிங் ஃபைலுக்கு (இமேஜ் சார்ந்திருக்கும் அடிப்படை ஃபைலுக்கு) பெரிய எஃப் (-F) விருப்பம் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதும் வரிசை

புதிய கிளஸ்டரில் எழுதும்போது மூன்று வேலை நடக்கிறது: ரெஃப்கவுன்ட் (அந்த கிளஸ்டரை எத்தனை இடம் பயன்படுத்துகிறது என்ற எண்ணிக்கை) உயர்கிறது, டேட்டா எழுதப்படுகிறது, எல்2 பதிவு அந்த கிளஸ்டரைக் காட்டத் தொடங்குகிறது. ரெஃப்கவுன்ட் முதலில் டிஸ்கைச் சேர்ந்து, அதன்பின் கரண்ட் போனால் ஒரு கிளஸ்டர் வீணாகும், அவ்வளவுதான். எல்2 முதலில் போய்ச் சேர்ந்தால் கதை வேறு. பயன்பாட்டில் இருக்கும் கிளஸ்டரின் ரெஃப்கவுன்ட் பூஜ்யமாக நிற்கும், ஒதுக்கீட்டு நிரல் அதையே வேறொரு இடத்துக்குக் கொடுக்கும், கெஸ்டின் இரண்டு ஃபைல் ஒரே கிளஸ்டரில் உட்காரும். விடுவிக்கும்போது வரிசை தலைகீழ்: எல்2 முதலில், ரெஃப்கவுன்ட் பிறகு.

ஆகவே வேகத்தைக் கூட்டுகிறோம் என்று சொல்லி ஒரு ஃப்ளஷையோ (எழுதியதை டிஸ்கில் சேர்த்துவிடச் சொல்லும் அழைப்பையோ), கேஷ்களுக்கு இடையிலான சார்பை அமைக்கும் அழைப்பையோ நீக்கும் பேட்ச் வந்தால், வரிசை இனி எதனால் காக்கப்படுகிறது என்று கமிட் செய்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். லேஸி ரெஃப்கவுன்ட்ஸ் வசதி இந்த வரிசையைத் தளர்த்துகிறதுதான். ஆனால் அதற்கு முன் ஹெட்டரில் டர்ட்டி பிட்டை (ரெஃப்கவுன்ட் சரியாக இல்லாமல் இருக்கலாம் என்ற குறியை) போட்டுவிட்டுத்தான் அப்படிச் செய்கிறது.

பிழை வழிகளையும் விடாதீர்கள். நடுவில் இடம் தீர்ந்தால் ஒதுக்கிய கிளஸ்டர் திரும்பக் கொடுக்கப்படுகிறதா? வேண்டுமென்றே பிழையை வரவைக்கும் பிஎல்கேடீபக் டிரைவரில், எல்2 புதுப்பிக்கும் கட்டத்தில் 28ஆம் பிழை (இடமில்லை) வரும்படி அமைத்து எழுதுங்கள், பிறகு கியூஎமு-இமேஜின் செக் கட்டளையை ஓட்டுங்கள். வெளியேறும் குறியீடு 0 என்றால் சுத்தம். 3 என்றால் கிளஸ்டர் கசிவு மட்டும். பிழை வழியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2 என்றால் இமேஜே கெட்டுவிட்டது, அதற்கு மேல் பேச்சில்லை.

சோதனை

பக் திருத்தம் என்றால், சோதனை பேட்சை மட்டும் தனியே மாஸ்டரில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். அங்கே தோற்க வேண்டும். திருத்தம் இல்லாமலே பாஸ் ஆகும் சோதனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்படி வருவது அபூர்வமும் அல்ல.

கிளஸ்டர் அளவை 512 பைட்டாக வைத்தும் ஒருமுறை ஓட்டுங்கள். வழக்கமான 64 கேபியில் ஒரு எல்2 டேபிள் 512 எம்பியை மூடும், 16-பிட் ரெஃப்கவுன்ட் பிளாக் ஒன்று 2 ஜிபியை மூடும். சின்னச் சோதனை அந்த எல்லையைத் தொடவே தொடாது. 512 பைட்டில் அதே எல்2 டேபிள் 32 கேபிதான், ரெஃப்கவுன்ட் பிளாக் 128 கேபிதான். ஒரு எம்பி எழுதினாலே எல்லா எல்லையும் பலமுறை தாண்டிவிடும். பழைய வடிவத்துக்குக் காம்பேட் 0.10 விருப்பத்தையும், சப்கிளஸ்டர்களுக்கு (கிளஸ்டருக்குள் உள்ள சிறு துண்டுகளுக்கு) எக்ஸ்டென்டட் எல்2 விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னதற்குக் கிளஸ்டர் குறைந்தது 16 கேபி வேண்டும்.

கன்வர்ட்டை (இமேஜை வேறு வடிவத்துக்கு மாற்றும் கட்டளையை) தொடும் பேட்ச் என்றால், இரு இமேஜை ஒப்பிடும் கம்பேர் கட்டளை சமம் என்று சொன்னதும் திருப்தி அடைய வேண்டாம். அது உள்ளடக்கத்தை மட்டும் பார்க்கிறது. 20 ஜிபி காலி இடம் பூஜ்யங்களாக நிரப்பப்பட்டு ஃபைல் வீங்கியிருந்தாலும் சமம் என்றே சொல்லும். சின்ன எஸ் விருப்பம் கொடுத்தால் ஒதுக்கீட்டையும் ஒப்பிடும்.

எதிர்பார்க்கும் வெளியீட்டு ஃபைல்கள் மாறியிருந்தால் வரிக்கு வரி படியுங்கள். ஜேசன் வெளியீட்டில் புதிய புலம் சேரலாம். இருந்த புலத்தின் பெயரோ பொருளோ மாறக் கூடாது, அதை நம்பி வேறு மென்பொருள்கள் ஓடுகின்றன. வடிவமே மாறினால் விவரக்குறிப்பு ஆவணமும் அதே தொடரில் மாற வேண்டும். பழைய கியூஎமு திறந்தால் கெட்டுப்போகும் அம்சத்துக்கு ஹெட்டரில் இன்கம்பாட்டிபிள் பிட் (தெரியாத மென்பொருள் திறக்கக் கூடாது என்ற குறி) ஒன்று கட்டாயம்.

பதில் எழுதுதல்

பேட்சின் அந்தந்த வரிக்குக் கீழேயே எழுதுங்கள், தொடர்பில்லாததை வெட்டிவிடுங்கள். கட்டாயம் மாற்ற வேண்டியது எது, உங்கள் ரசனை எது என்று பிரித்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் மாற்றி, நன்றாக இருந்ததையும் கெடுப்பார். பக்கை உண்டாக்கிய கமிட் தெரிந்தால் ஃபிக்ஸஸ் வரி கேளுங்கள், வெளியான பதிப்பில் உள்ள டேட்டா சேதம் என்றால் ஸ்டேபிள் கிளைக்கும் நகல் கேளுங்கள். ஓட்டிப் பார்த்தது மட்டும் என்றால் டெஸ்டட்-பை போதும். வரிகளைப் படித்து, வரிசையும் வரம்பும் சரி என்று உங்களுக்கே பட்ட பேட்சுக்கு மட்டும் ரிவ்யூட்-பை கொடுங்கள்; பத்து பேட்சில் நான்கைத்தான் படித்தீர்கள் என்றால் அந்த நான்குக்கு மட்டும்.