பழைய டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கின் கார்புரேட்டரை டியூன் செய்யும் முறை

பழைய டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் சரியாக இழுக்கவில்லை என்றாலும், ஐடிலில் நிற்காமல் அணைந்துபோனாலும், நம் கை முதலில் தேடிப்போவது கார்புரேட்டரின் திருகாணியைத்தான். ஆனால் ஐம்பது ஆண்டு வயதான ஒரு இன்ஜினில் கார்புரேட்டர் கோளாறுபோல் தோன்றுபவற்றில் பல, எங்கிருந்தோ திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் காற்றினாலோ, தேய்ந்த பாயிண்டினால் (தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இக்னிஷன் டைமிங், அதாவது பொறி பறக்கும் நேரம், தவறியதாலோ வருகின்றன. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டு, அதன் பிறகே சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே கிராங்க் கேஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கலவையின் கணக்கு குலைந்துவிடும், எந்த ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு) மாற்றினாலும் அது நேராகாது.

இதை நான் ஒரு பிஸ்டனை இழந்துதான் கற்றுக்கொண்டேன். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஐடில் உடனே இறங்காமல் சில நொடிகள் மேலேயே நின்ற ஒரு வண்டிக்கு, பெட்ரோல் போதவில்லை என்று முடிவு செய்து, முழுத் திறப்புக்கான மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கினேன். வண்டி சற்றுத் தேவலாம் என்று தோன்றியது. அடுத்த வாரமே ஒரு நீண்ட மேட்டில் இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி, நின்றது. பிரித்துப் பார்த்தபோது மேக்னெட் பக்கத்து கிராங்க் ஆயில் சீலின் உதடு காய்ந்த தோலைப்போல் விறைத்து, ஷாஃப்டைத் தொடாமலே நின்றிருந்தது. அன்றிலிருந்து அழுத்தச் சோதனை செய்யாமல் எந்தப் பழைய இன்ஜினிலும் நான் ஜெட்டைத் தொடுவதில்லை.

அந்தச் சோதனை கடினமானது அல்ல. கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு, பிஸ்டன் கீழே இருக்கும் நிலையில் இரண்டு வாயையும் ரப்பர் அடைப்பான்களால் இறுக மூடி, மானி பொருத்திய கைப்பம்பினால் 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு) அழுத்தம் ஏற்ற வேண்டும். அழுத்தத்தை இதற்கு மேல் கூட்டக் கூடாது, நல்ல சீலும் வெளியே தள்ளப்படலாம். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். சிலிண்டர் அடி கேஸ்கெட், இன்டேக் ரப்பர், ரீட் பிளாக் (கலவை உள்ளே மட்டும் போகவிடும் வால்வின் உடல்), மேக்னெட் பக்கத்து சீல் ஆகியவற்றின் மேல் சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். கிளட்ச் பக்கத்து சீல் கண்ணுக்குத் தெரியாது. அது போயிருந்தால் கியர் ஆயில் கிராங்க் கேஸுக்குள் உறிஞ்சப்படும், புகை அடர்த்தியாகும், கியர் பெட்டியில் ஆயில் அளவு காரணமின்றிக் குறைந்துகொண்டே வரும்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகு டைமிங்கைச் சரிபாருங்கள், ஏர் ஃபில்டரைக் கழுவி அதற்குரிய ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள், சைலன்சரில் கரி அடைத்திருந்தால் நீக்குங்கள். ஃபில்டரைக் கழற்றிவைத்துவிட்டு டியூன் செய்த வண்டி, ஃபில்டரை மாட்டியதும் வேறு வண்டியாகிவிடும்.

பெட்ரோலில் கலக்கும் ஆயிலின் விகிதத்தையும் ஜெட்டைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. 20:1 என்றால் ஒரு லிட்டருக்கு 50 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி. ஆயிலைக் கூட்டினால் கலவை ரிச் (எரிபொருள் மிகுந்தது) ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. ஜெட்டின் துளை வழியே போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடும்போது பெட்ரோலின் பங்கு குறைகிறது, அதனால் காற்றோடு ஒப்பிட எரிபொருள் குறைந்து கலவை லீன் ஆகிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கும் இதே விளைவு உண்டு. தூய பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், 10 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 14.1 பங்கே போதும். அந்தக் காலத்துக் கையேட்டில் உள்ள ஜெட் எண்ணை அப்படியே போட்டால் இன்று அது சற்று லீனாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவும்போது ஐடிலுக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டுக்குத் தனிக் கவனம் தேவை. அதன் துளை ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இராது. நின்றுபோன வண்டியில் பெட்ரோல் வற்றிப் பசையாகி அந்தத் துளையைத்தான் முதலில் அடைக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிட்டால் மேலே அச்சிட்ட எண்ணுக்குப் பொருளே இல்லை. கிளீனரில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதுவதே சரி. கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட் மேலே தள்ளிப் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் நீடிலின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிட்டு, ஃப்ளோட் உயரத்தைக் கையேட்டில் உள்ளபடி வைக்க வேண்டும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறினால் எல்லா நிலையிலும் கலவை ரிச் ஆகும், இறங்கினால் எல்லா நிலையிலும் லீன் ஆகும்.

இனி டியூனிங்கின் அடிப்படைக்கு வருவோம். மிக்குனி வி.எம். போன்ற ரவுண்ட் ஸ்லைடு கார்புரேட்டரில் (ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறக்கும் உருளைதான் ஸ்லைடு) ஆக்சிலரேட்டரின் ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. மூடிய நிலையிலிருந்து ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் வெட்டப்பட்ட சரிவும், கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீடிலும் அது நுழையும் நீடில் ஜெட்டும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் ஆட்சி செய்கின்றன. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தவை. இங்கே முக்கியமானது இன்ஜின் வேகம் அல்ல, திறப்பின் அளவு. ஆகவே கைப்பிடியில் ஒரு கோடும், அதன் அருகே அசையாத பகுதியில் ஒட்டிய டேப்பில் மூடியது, கால், அரை, முக்கால், முழுவது என்று ஐந்து கோடுகளும் போட்டுக்கொள்ளுங்கள். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரிந்தால் எதைத் தொட வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

எப்போதும் ரிச்சிலிருந்து லீனை நோக்கியே வர வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் கலவைதான் பிஸ்டனைக் குளிர்விக்கிறது, ஆயிலையும் அதுவே கொண்டுவருகிறது. லீன் ஆகும்போது சூடு ஏறுவதும் ஆயில் குறைவதும் சேர்ந்தே நடக்கின்றன. ரிச்சான வண்டி பிளக்கைக் கெடுக்கும், லீனான வண்டி பிஸ்டனைக் கெடுக்கும். எனவே கையேடு சொல்வதைவிட இரண்டு அளவு பெரிய மெயின் ஜெட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள். அது இறுதியில் குறைக்கப்படும்.

பைலட்டிலிருந்து தொடங்குவதே என் பழக்கம், ஏனெனில் அந்த வழி எல்லாத் திறப்பிலும் கொஞ்சம் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவும் சோக்கை முழுவதும் விலக்கி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள். ஏர் ஸ்க்ரூவை உள்ளே மெல்லத் திருப்பி, அது அடியைத் தொட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் அதன் கூர்முனையில் வளையம் விழும், அது அமரும் துளையும் விரிசல் விடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் சுற்று திருப்பி, இன்ஜின் பதில் சொல்லச் சில நொடிகள் காத்திருந்து, மீண்டும் கால் சுற்று என்று மெதுவாகப் போனால், ஓரிடத்தில் இன்ஜினின் சத்தம் தடுமாற்றம் நீங்கிச் சீராகி, வேகம் தானாக ஏறும். அதைக் கடந்தால் மீண்டும் இறங்கும். அந்த உச்சியில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, இதையே இன்னொரு முறை செய்யுங்கள். உச்சி 1 முதல் 2 சுற்றுக்குள் அமைந்தால் பைலட் ஜெட் பொருத்தமானது. ஒரு சுற்றுக்கும் குறைவாக அமைந்தால் ஜெட் சிறியது, இரண்டைத் தாண்டினால் பெரியது.

ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால்தான் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே எடுத்தால் லீன் ஆகும். சில கார்புரேட்டர்களில் அது இன்ஜின் பக்கம் இருக்கும். அங்கே அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவதால் எல்லாம் தலைகீழ்.

ஸ்லைடின் சரிவை மாற்ற வேண்டிய தேவை அரிதாகவே வரும். அதன் மேல் உள்ள 2.5, 3.0 போன்ற எண்கள் சரிவின் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்பவை, எண் கூடினால் லீன்.

நீடிலின் தலையில் வழக்கமாக ஐந்து பள்ளங்கள் இருக்கும், அவற்றை மேலிருந்து எண்ணுவார்கள். நடுப் பள்ளத்தில் கிளிப்பைப் போட்டுத் தொடங்குங்கள். கிளிப்பை மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கிக் கலவை லீன் ஆகும், கிளிப்பை இறக்கினால் நீடில் உயர்ந்து ரிச் ஆகும். அரைத் திறப்பில் ஒரே சீராகப் பிடித்து ஓட்டும்போது இன்ஜின் இழுப்பதும் விடுவதுமாக அலைந்தால் லீன், தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கரகரத்துப் புகைத்தால் ரிச். கிளிப்பை எந்தப் பள்ளத்தில் வைத்தாலும் நடுத் திறப்பில் ரிச்சாகவே இருக்கிறது என்றால் நீடில் ஜெட்டைச் சந்தேகியுங்கள். பல ஆண்டுகள் நீடில் அதிர்ந்து அதிர்ந்து உரசியதில் அந்தப் பித்தளைத் துளை முட்டை வடிவமாகியிருக்கும். மிக்குனி அளவில் பி-4 என்பது 2.670 மி.மீ., கியூ-0 என்பது 2.700 மி.மீ. ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு வேறுபாட்டுக்கே தனி எண் தேவைப்படும் இடத்தில், தேய்மானம் என்ன செய்யும் என்பதை எண்ணிப்பாருங்கள். நீடிலையும் நீடில் ஜெட்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

கடைசியாக மெயின் ஜெட். போக்குவரத்து இல்லாத நீண்ட திறந்தவெளி இதற்குத் தேவை. பெரிய ஜெட்டோடு முழுத் திறப்பில் ஓடும்போது இன்ஜின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிவதுபோல் குழறும், உச்ச வேகத்தை எட்டாது. ஜெட்டை ஒவ்வொரு அளவாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அந்தக் குழறல் நீங்கிச் சத்தம் தெளியும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு அடுத்த சிறிய ஜெட்டில் வண்டி இன்னும் விறுவிறுப்பாகத் தோன்றக்கூடும், அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். முழுத் திறப்பிலிருந்து சற்றே மூடும்போது வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தால் மெயின் ஜெட் சிறியது என்பது உறுதி. மிக்குனியின் எண்ணும் இன்னொரு கார்புரேட்டர் நிறுவனமான கெய்ஹினின் எண்ணும் ஒரே அளவைக் குறிப்பவை அல்ல, கலந்து போடக் கூடாது.

முடிவைப் பிளக்கில் பார்த்து உறுதி செய்யலாம். புதுப் பிளக்கைப் போட்டு, முழுத் திறப்பில் இடம் உள்ளவரை ஓட்டி, ஆக்சிலரேட்டரை மூடாமலே கில் சுவிட்சை அழுத்திக் கிளட்சைப் பிடித்து உருண்டு நில்லுங்கள். ஐடிலில் ஓடி வந்து நின்றால் பிளக் ஐடிலின் கதையைத்தான் சொல்லும். பீங்கானின் நுனியைப் பார்த்து முடிவு செய்வது பொதுவான பிழை. டார்ச் அடித்து, பீங்கான் உலோக உடலுக்குள் மறையும் ஆழத்தில் பாருங்கள். அங்கே மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தால் நல்லது, அகலமான கருமை தெரிந்தால் ரிச், வளையமே இல்லாத வெண்மை என்றால் லீன். பீங்கானில் வெள்ளிப் பொடிபோல் மின்னும் புள்ளிகள் இருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அந்த வண்டியை அங்கிருந்து தள்ளிக்கொண்டே வாருங்கள்.

செய்த நாளின் வெப்பநிலையையும் இடத்தின் உயரத்தையும் ஜெட் எண்களோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். 300 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்து கலவை ரிச் ஆகும், 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடி லீன் ஆகும். உச்சி வெயிலில் கச்சிதமாக வைத்த வண்டியைக் குளிர்ந்த அதிகாலையில் எடுப்பதற்கு முன் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, ஏர் ஸ்க்ரூவின் உச்சியை மறுபடியும் தேடிக்கொள்ள வேண்டும்.